டேங்க் மூடி

பிப்ரவரி 3
சியாட்டிலில் மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டினால்தான் தெரிகிறது. மகள் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரி 5
இனி விமானச் சோதனை ஓட்டங்களில் அவளும் ஏறிப் பறப்பாளாம். கருவிகள் காட்டுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை. "அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள் அப்பா." சரி என்றேன். பசியே இல்லை, ஆனாலும் ரசத்தை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 6
கோவையிலிருந்து மனைவியின் போன். மகள் எப்படி இருக்கிறாள் என்றாள். வேலை அதிகம் என்றேன். பொய் இல்லை.

பிப்ரவரி 9
மாப்பிள்ளை விமான அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். பி-29 நிற்கிறது, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம். பிள்ளைகள் அதன் வயிற்றுக்கடியில் ஓடுகிறார்கள். நான் இன்ஜின் பக்கத்திலிருந்து நகரவில்லை. ரைட் ஆர்-3350, இரண்டு வரிசையில் 18 சிலிண்டர். எடை குறையட்டும் என்று அந்தக் காலத்தில் உறையை மக்னீசியக் கலவையில் செய்தார்கள். பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு அடங்காத உலோகம். மாப்பிள்ளை காபி குடிக்கலாமா என்று மூன்று தரம் கேட்டுவிட்டார், பாவம்.

பிப்ரவரி 10
தூக்கமில்லை. எடி ஆலனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போயிங்கின் சோதனை விமானி, பி-29இன் முதல் மாதிரியை 1942 செப்டம்பரில் முதன்முதலாக ஓட்டியவர். இரண்டாம் மாதிரி டிசம்பர் 30 அன்று வானில் தீப்பிடித்தது. புகை நிறைந்த அறையிலிருந்தபடியே இறக்கிவிட்டார். ஏழு வாரம் கழித்து, 1943 பிப்ரவரி 18, அதே விமானத்தில் மறுபடி ஏறினார். போர் அவசரம். அவசரம் என்ற சொல்லுக்கு எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்!

பகல் 12.09க்கு மேலே எழுந்தது. முதலாம் இன்ஜினில் தீ. அணைத்தாகிவிட்டது என்று நம்பித் திரும்பினார்கள். இறங்குவதற்காக நகரத்தின் மேல் வளைந்து வரும்போது இறக்கையின் முன்விளிம்புக்குள் கசிந்திருந்த எரிபொருள் எரிந்துகொண்டிருந்தது. இறக்கையின் தகடு கழன்று தெருக்களில் விழுந்தது. 12.26க்கு ஓடுதளத்துக்கு வடக்கே ஃப்ரை இறைச்சித் தொழிற்சாலையில் மோதியது. உள்ளே 11 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. தொழிற்சாலையில் இருபது பேர் அளவில், ஒரு தீயணைப்பு வீரர் வேறு.

விமானிகள் இருவர்தான். மற்றவர்களில் பெரும்பாலானோர் பொறியாளர்கள், கருவிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஏறியவர்கள்.

பிப்ரவரி 11
விசாரித்தவர்களின் சந்தேகம் எரிபொருள் ஊற்றும் வாயின் மேல் விழுந்தது. உள்ளங்கை அகலம் இருக்குமா?

1984. ராத்திரி ஷிப்டு. டேங்க் மூடியின் வாஷர் லேசாகக் கடினப்பட்டிருந்தது. ஸ்டோர் பூட்டியிருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தாங்கும் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். காலையில் விமானம் போனது, மாலையில் வந்தது. அடுத்த ராத்திரி வாஷரை மாற்றினேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 13
மகளிடம் கேட்டேன். "மூடியை யார் பார்ப்பார்கள்?" "எந்த மூடி அப்பா?" சிரித்தாள். இப்போது இறக்கைக்கு அடியில் குழாயைப் பூட்டி அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள், இன்ஜின் ஒவ்வொன்றிலும் தீயை உணரும் கம்பி ஓடுகிறது, எரிபொருளை வெட்டும் வால்வு இருக்கிறது என்று வரைந்தே காட்டினாள். நன்றாக வரைகிறாள். கம்பியை யார் பார்ப்பார்கள் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 14
பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 16
முதல் ஓட்டம் காற்றினால் தள்ளிப்போயிற்று. சந்தோஷப்பட்டேன். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் என்மேலேயே எரிச்சல் வந்தது. சாயங்காலம் காரணமில்லாமல் மாப்பிள்ளையிடம் கடுகடுத்தேன்.

பிப்ரவரி 18
சரியாக 12.09க்குக் குக்கரை ஏற்றினேன். 12.26க்குள் பருப்பு வெந்துவிட்டது, விசில் அடங்கக்கூட நேரமிருந்தது. 17 நிமிடம்.

இந்த நகரத்தில் ஒரு காற்றுச் சுரங்க ஆய்வுக்கூடத்துக்கு ஆலன் பெயரை வைத்தார்கள். தீப்பிடித்த விமானத்தில் மறுபடி ஏறியதற்காக அவர்மேல் ஒரு வாரமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். கோவையிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை.

பிப்ரவரி 19
எடுத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். மகள் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். "உங்களிடம் சொன்னால் தூங்கமாட்டீர்கள் என்று நாங்கள்தான் பேசாமல் இருந்தோம்."

பிப்ரவரி 21
காற்று இல்லை. ஆறு மணிக்குக் கிளம்பினாள். குடையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.