கல்லேரியிலிருந்து உரோமைக்கு: பெங்களூரில் கர்தினால் லூர்துசாமியின் தடம் பார்த்து ஒரு நாள் திருப்பயணம்

பெங்களூருக்குத் திருப்பயணம் போகிற தமிழ்க் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் சிவாஜிநகர் மாதா கோயில், விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் இரண்டையும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். கூடுதலாக ஒரு நாள் ஒதுக்க முடிந்தால், நம் மண்ணில் பிறந்து உரோமைத் திருப்பீடத்தின் ஒரு பேராயத்துக்கே (திருத்தந்தையின் நிர்வாகத் துறைக்கே) தலைவரான கர்தினால் டி. சைமன் லூர்துசாமியின் வாழ்வோடு தொடர்புடைய நான்கு இடங்களை ஒரே சுற்றில் தரிசிக்கலாம். அவர் வகித்த பதவிகளைப் பட்டியலாக வாசித்தால் வெறும் தேதிகளாகத்தான் தெரியும். அவர் கையெழுத்திட்ட தாள்கள் கோயிலுக்குள் என்னவாக மாறின என்பதை நேரில் பார்க்க இந்த ஊருக்குத்தான் வரவேண்டும்.

காலையில் மல்லேஸ்வரம் புனித பேதுரு குருமடத்தில் தொடங்குங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ பச்சைத் தடத்தில் ஏறி, மல்லேஸ்வரம் பக்கம் இறங்கி, ஆட்டோவில் போய்விடலாம். இது மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம், பொதுக் கோயில் கிடையாது. வாயிலில் வந்த காரியத்தைச் சொல்லி அனுமதி வாங்கிய பிறகே சிற்றாலயத்துக்குப் போகவேண்டும். வகுப்பு நேரத்தில் கூட்டமாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நான்கைந்து பேராகப் போய், காணிக்கை வைத்து, பத்து நிமிடம் அமைதியாக ஜெபித்துவிட்டு வந்தால் போதும்.

இந்தக் குருமடத்தின் வேர் பாண்டிச்சேரியில் இருக்கிறது. பாரீஸ் மறைபோதகக் குருக்கள் அங்கே நடத்திய குருமடம்தான் 1934-இல் பெங்களூருக்கு இடம் மாறியது. பாண்டிச்சேரி உயர்மறைமாவட்டத்தின் கல்லேரியில் 1924 பிப்ரவரி 5 அன்று பிறந்த லூர்துசாமி, கடலூர் சிறு குருமடத்தை முடித்து இங்கே வந்து படித்தார். 1951 டிசம்பர் 21 அன்று குருப்பட்டம். அதற்குப் பிறகு உரோமையில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் ஏறிய படிகளுக்கெல்லாம் இந்தச் சட்டப் படிப்பே அடித்தளம். மறைமாவட்ட நிர்வாகத்தில் திருமண வழக்கு, சொத்துப் பத்திரம், குருக்கள் மாற்றம், துறவற இல்ல அனுமதி என்று எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு சட்ட எண்ணில்தான் போய் நிற்கும். அதைப் படித்த குருக்கள் எந்த மறைமாவட்டத்திலும் சொற்பம்.

அடுத்தது கோல்ஸ் சாலை அருகே இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயம். சாம்பல் நிறக் கருங்கல் கட்டடம், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். வெளியூர்க்காரர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். சிவாஜிநகர் பசிலிக்காவையே பேராயரின் ஆலயம் என்று நினைத்து இந்தக் கோயிலைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். பசிலிக்கா என்பது திருத்தந்தை ஒரு கோயிலுக்குத் தரும் சிறப்புத் தகுதி. பேராயரின் இருக்கை எங்கே இருக்கிறதோ அதுவே பேராலயம். பலிபீடத்துக்கு அருகே தனியாகப் போட்டிருக்கும் அந்த இருக்கையைப் பாருங்கள். மறைமாவட்ட ஆயரைத் தவிர வேறு எந்தக் குருவும் அதில் அமர்ந்து பூசை வைப்பதில்லை.

அந்த இருக்கைக்கு லூர்துசாமி மூன்று படிகளில் வந்தார். திருச்சபை நிர்வாகம் புரிய இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். 1962 ஜூலையில், 38 வயதில், பெங்களூரின் துணை ஆயரானார். துணை ஆயருக்குச் சொந்த மறைமாவட்டம் கிடையாது. ஆயர் எவரும் ஒரு பீடத்தின், அதாவது ஓர் ஆயர் இருக்கையின், பெயரில்தான் திருநிலை பெறவேண்டும் என்பதால், மறைந்துபோன பழைய நகரம் ஒன்றின் பெயரைப் பட்டமாகக் கொடுப்பார்கள். இவருக்குக் கிடைத்தது லிபியாவிலிருந்த சோசூசா. அந்த அக்டோபரிலேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது, புதிய ஆயர் அங்கே போய் அமர்ந்தார். 1964 நவம்பரில் வாரிசுரிமையுள்ள துணைப் பேராயர் ஆனார். இந்தப் பதவி வந்துவிட்டால் பீடம் காலியாகும் நொடியிலேயே பொறுப்பு தானாகக் கைக்கு வரும், புதிதாக நியமன ஆணை தேவையில்லை. 1968 ஜனவரி 11 அன்று, பேராயர் தாமஸ் பொத்தகமூரிக்குப் பின் அவரே பெங்களூர்ப் பேராயரானார். மைசூரிலிருந்து 1940-இல் பிரிந்து, 1953-இல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்த இளம் பீடம் அது.

பேராலயத்திலும் பழைய குருக்கள் இல்லங்களிலும் சுவரில் பதித்த ஆயர் சின்னங்களைப் பார்த்தால், எழுத்தைப் படிக்காமலே பதவியைச் சொல்லிவிடலாம். தொப்பியிலிருந்து இரு பக்கமும் தொங்கும் குஞ்சங்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஆறு, பச்சை நிறம் என்றால் ஆயர். பத்து, பச்சை என்றால் பேராயர். பதினைந்து, சிவப்பு என்றால் கர்தினால். கூட வரும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள், கோயிலை விட்டு வர மாட்டார்கள்.

பேராலயத்தில் திருப்பலி காண நினைத்தால் கதவருகே உள்ள அறிவிப்புப் பலகையில் மொழியைப் பார்த்துக்கொண்டு நேரத்தைத் திட்டமிடுங்கள். பெங்களூரில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் என்று திருப்பலிகள் மாறி மாறி வரும். பழைய நேரத்தை நம்பி வந்தவர்கள் தமிழ்ப் பூசையைத் தவறவிடுவது வாடிக்கை. திருவிழா மாதங்களிலும் தவக்காலத்திலும் அட்டவணை மாறும்.

இந்தச் சுற்றில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது மூன்றாவது இடத்துக்கு. ஹட்சின்ஸ் சாலையில் இருக்கும் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம். என்பிசிஎல்சி என்று கேட்டால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். பயிற்சி முகாம்கள் நடக்கும் வளாகம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. சிற்றாலயத்துக்குள் போகும்போது செருப்பை வெளியே விடவேண்டும்.

இந்திய ஆயர் பேரவைக்காக 1967-இல் இந்த மையத்தைத் தொடங்கி 1982 வரை நடத்தியவர் அருள்பணி டி.எஸ். அமலோற்பவதாஸ், லூர்துசாமியின் தம்பி. பேரவையின் திருவழிபாட்டுப் பணிக்குழுத் தலைவர் அண்ணன். ஒருவர் சிந்தித்துச் செய்துபார்ப்பார், மற்றவர் அதைச் சட்டத்துக்குப் பொருந்தும் கோரிக்கையாக்கி உரோமைக்கு எடுத்துப்போவார். அப்படிப் போனதுதான், திருப்பலியில் நம் நாட்டு வழக்கங்களைச் சேர்க்க அனுமதி கேட்ட பன்னிரண்டு அம்சக் கோரிக்கை. 1969 ஏப்ரல் 15 தேதியிட்டுப் போன கடிதத்துக்கு ஏப்ரல் 25-லேயே ஒப்புதல் வந்துவிட்டது. உரோமையில் ஒரு கோப்பு பத்து நாளில் நகர்வது எவ்வளவு அரிது என்பது அந்த நடைமுறை தெரிந்தவர்களுக்குப் புரியும். கேட்டதைத் தெளிவாக, அளவோடு, எந்த இடத்தில் எது மாறும் என்று குறித்துக் கேட்டதே பாதி வெற்றி.

அந்தப் பன்னிரண்டையும் தாளில் தேடுவதைவிட அங்கே இந்திய முறைத் திருப்பலி நடக்கும் நாளில் உட்கார்ந்து கவனிப்பதே மேல். தரையில் அமர்வது முதல் அம்சத்திலேயே வருகிறது, செருப்பைக் கழற்றுவதும் அதோடு சேர்ந்தது. முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்குவது. பாவமன்னிப்பு வழிபாட்டில் பஞ்சாங்கப் பிரணாமம், அதாவது இரண்டு முழங்கால், இரண்டு உள்ளங்கை, நெற்றி ஆகிய ஐந்தும் தரையில் படுவது. சமாதான வாழ்த்துக்குக் கும்பிடு. மேலைநாட்டுத் தொங்கு தூபக்கலசத்துக்குப் பதில் கைப்பிடி வைத்த தூபக்கால். மெழுகுத்திரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு. திருவுடையாக ஒற்றை அங்கி, அதன்மேல் அங்கவஸ்திரம் போல் தோளில் போடும் நீளத் துண்டு. பீடத்தில் விரிக்கும் சிறு துணிக்குப் பதில் தாம்பாளத் தட்டு. காணிக்கைப் பகுதியிலும் நற்கருணை மன்றாட்டின் முடிவிலும் மலர், தூபம், தீபம் கொண்டு ஆரத்தி.

ஒன்றை மட்டும் நெருங்கிக் கவனியுங்கள். நற்செய்தி வாசித்து முடித்த குரு புத்தகத்தை முத்தமிடுவது உரோமை வழக்கம். இங்கே அவர் விரல் நுனிகளால் அந்தப் பக்கத்தைத் தொட்டு, தொட்ட விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொள்வார். கீழே விழுந்த புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி வளர்ந்த நமக்கு அதில் விளக்க ஒன்றும் இல்லை. ஆனால் பலிபீடத்தில் ஒரு குரு அதை உரிமையோடு செய்வதற்கு ஒரு பேராயர் எழுதிக் கேட்கவேண்டியிருந்தது.

இதே முறையைத் தங்கள் பங்கில் செய்துபார்க்க ஆசைப்படுவோர் நிறைய. சிக்கல் வருவது பெரும்பாலும் அவசரத்தால். உரோமை கொடுத்தது அனுமதி. எதை, எங்கே நடைமுறைப்படுத்துவது என்பது அந்தந்த ஆயரின் பொறுப்பு. ஆயரைக் கேட்காமல், மக்களுக்கு முன்னரே விளக்காமல், ஒரே ஞாயிறில் பன்னிரண்டையும் நுழைத்த இடங்களில் 'இந்துமயம்' என்ற குற்றச்சாட்டு எழுந்து, நல்ல முயற்சி பாதியில் நின்றுபோனது. விளக்கிலிருந்து தொடங்குவது எளிது. திரியை முன்கூட்டியே எண்ணெயில் ஊறவையுங்கள், காய்ந்த திரி கருகிப் புகையும். அகலின் விளிம்பு வரை எண்ணெய் ஊற்றாமல் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள், ததும்பினால் அடித்தட்டில் வழிந்து பீடத் துணி கறையாகும். விளக்கேற்றும் நேரத்தில் தலைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்த ஒருவரை நியமியுங்கள், ஐந்து முகத்தில் மூன்று அணைந்துபோவது பெரும்பாலும் அதனால்தான். ஆரத்திக்கு மூன்று பேர் போதும், மூன்று தட்டு, வலமாக மூன்று சுற்று. தட்டேந்துவோர் முந்தின நாள் ஒருமுறை நடந்து பார்க்காவிட்டால் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். பஞ்சாங்கப் பிரணாமத்தைப் பெஞ்சு போட்ட கோயிலில் வற்புறுத்த வேண்டாம், இடமும் இருக்காது, முதியவர்களால் முடியவும் முடியாது.

அமலோற்பவதாஸ் பிறகு மைசூரில் அஞ்சலி ஆசிரமம் அமைத்தார். 1990 மே மாதம் சாலை விபத்தில் மறைந்தார். அப்போது அண்ணன் உரோமையில் இருந்தார்.

அந்த உரோமை வாழ்க்கை 1971-இல் தொடங்கியது. மூன்றே ஆண்டு பேராயராக இருந்தவரை மறைபரப்புப் பேராயத்தின் இணைச் செயலராக அழைத்துக்கொண்டார்கள், 1973-இல் செயலர். 1622-இல் தொடங்கி, 2022-இல் நற்செய்தி அறிவிப்புத் துறையில் இணைக்கப்பட்ட பேராயம் அது. இந்தியாவின் இலத்தீன் மறைமாவட்டங்கள் அதன்கீழ் வந்தன. ஓர் ஆயர் பீடம் காலியானால் திருத்தந்தையின் தூதர் இரகசியமாக விசாரித்து மூன்று பெயர்களை அனுப்புவார். பேராயம் அவற்றை ஆராய்ந்து திருத்தந்தையின் முன் வைக்கும். இறுதி முடிவு அவருடையது. ஏழை நாடுகளின் மறைமாவட்டங்களுக்கான உதவித்தொகைகளும் அங்கேதான் பங்கிடப்பட்டன. வெளியே பெயர் வராத, தவறினால் ஒரு மறைமாவட்டமே இருபது ஆண்டு அவதிப்படும் வேலை. அதில் செயலராகப் பன்னிரண்டு ஆண்டு இருந்தார்.

1985 மே 25 அன்று திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் உயர்த்திய 28 கர்தினால்களில் அவரும் ஒருவர். அக்டோபரில் கீழைத் திருச்சபைகளுக்கான, அதாவது உரோமையோடு ஒன்றித்திருந்தும் தனி வழிபாட்டு முறை கொண்ட சபைகளுக்கான, பேராயத்தின் தலைவர். திருப்பீடப் பேராயம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர். இலத்தீன் வழிபாட்டில் பிறந்த தமிழருக்குச் சீரோ மலபார், சீரோ மலங்கரா உட்பட எல்லாக் கீழைச் சபைகளின் பொறுப்பும் வந்தது. புதுப்பிக்கப்பட்ட சீரோ மலபார் குர்பானாவை (திருப்பலி முறையை) திருத்தந்தை கோட்டயத்தில் 1986 பிப்ரவரியில் தொடங்கிவைத்ததும், 1,546 விதிகள் கொண்ட கீழைச் சபைகளின் சட்டத் தொகுப்பு 1990 அக்டோபரில் வெளியானதும் இவர் காலத்தில். 1991-இல் பொறுப்பிலிருந்து விலகினார். 80 வயதைக் கடந்த கர்தினால்களுக்குத் திருத்தந்தைத் தேர்தலில் வாக்கு இல்லை என்பதால், 29 ஆண்டு கர்தினாலாக இருந்தும் 2005, 2013 இரண்டு தேர்தலிலும் அவர் வாக்களிக்கவில்லை. 2014 ஜூன் 2 அன்று, 90 வயதில், உரோமையில் இறைவனடி சேர்ந்தார்.

மாலையை சிவாஜிநகருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிச்சேரித் தொடர்பு இங்கேயும் உண்டு. செஞ்சிப் பகுதியிலிருந்து குடிவந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக, பாரீஸ் மறைபோதகர் அபே துபுவா 1818-இல் எழுப்பிய காணிக்கை மாதா சிற்றாலயமே இதன் தொடக்கம். இப்போதுள்ள கோத்திக் கோயில் 1875-இல் தொடங்கி 1882-இல் முடிந்தது. 1973-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பேதுரு-பவுல் விழா நாளான ஜூன் 29 போன்ற குறிப்பிட்ட நாள்களில் இங்கே வருவோர் நிறைபலன் (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்குவது) பெறலாம். அதற்குப் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் மூன்றும் வேண்டும். கோயிலுக்கு வந்தாலே கிடைத்துவிடும் என்று நினைத்துப் பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 தேர்பவனி வரை வருவதானால் முதல் மூன்று நாள்களுக்குள் காலையிலேயே வந்துவிடுங்கள். எட்டாம் தேதி பிற்பகலுக்கு மேல் சுற்றுவட்டத் தெருக்களில் வண்டி நுழையாது, முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அன்று கூட்டிவர வேண்டாம். காவிப் புடவை கட்டி நேர்ச்சை செலுத்துவோர் கூட்டம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

மாதாவின் முன்னால் ஓரமாக ஒதுங்கிச் சற்று நேரம் நில்லுங்கள். சேலை உடுத்தி நிற்கும் தாயின் பக்கம் ஒவ்வொருவராக வருவார்கள். கைக்கு எட்டிய இடத்தை, எட்டாதவர்கள் பீடத்தின் விளிம்பை, விரல் நுனியால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு நகர்வார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த பூக்காரம்மாவும் அப்படித்தான். ஹட்சின்ஸ் சாலைச் சிற்றாலயத்தில் குருவின் கை செய்ததும் இதுவேதான். ஜெபித்து முடித்து வெளியே வந்தால் பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் மாலையில் நெரிசல் அதிகம், பையைத் தோளின் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.