தேய்பிறை அஷ்டமியில் வெர்சோவா கடலுக்கு

மும்பைக் கடலில் ஒரே நாளில் பல வகை மீனும் நண்டும் பிடித்துவர ஆசைப்படுகிறவர்கள் முதலில் நாட்காட்டியைத் திறந்து திதி பார்க்க வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு இது புதிய பாடம். எங்கள் ஊரில் காற்றைப் பார்ப்பார்கள். வாடையா, கொண்டலா, கச்சானா என்று தெரிந்துகொண்டுதான் வள்ளத்தை இறக்குவார்கள். அங்கே கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் தூண்டில் அடியில் நிற்காது. ஈயக்குண்டை எவ்வளவு கட்டினாலும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பௌர்ணமி, அமாவாசையின் பெருக்கை மும்பையின் பூர்வகுடிகளான கோலி மீனவர்கள் ‘உதாண்’ என்கிறார்கள். அஷ்டமியை ஒட்டிய தணிந்த நீர் ‘பாங்’. தூண்டிலுக்கு பாங்தான் உகந்தது. தாராவியில் சித்தப்பா இந்தச் செய்தியை வீட்டில் சொன்னதும் சித்தி முகம் சுளித்தார். “அஷ்டமியும் அதுவுமாகவா பயணம் கிளம்புவீர்கள்?” என்றார். “கடலுக்கு அதுதான் முகூர்த்தம்” என்று சித்தப்பா முடித்துவிட்டார்.

படகு கிடைப்பதற்கும் அதே அஷ்டமிதான் காரணம். மும்பையின் வடமேற்குக் கரையில் உள்ள வெர்சோவா, மட் பகுதி மீனவர்கள் பலரின் தொழில் டோல் வலை. பை போன்ற நீண்ட வலையை நீரோட்டத்துக்கு எதிரே வாய் திறந்தபடி கடலில் நிலையாகக் கட்டிவைப்பார்கள். ஓட்டமே மீனை உள்ளே தள்ளிக்கொண்டு வரும். ‘பாம்பே டக்’ என்று மும்பையின் பெயரோடு சேர்ந்துவிட்ட பொம்பில் மீன் இப்படித்தான் பிடிபடுகிறது. அஷ்டமியில் ஓட்டம் தளர்ந்துவிடுவதால் அவர்களுக்கு வேலை குறைவு. அந்த ஓய்வு நாள்களில்தான் எங்களைப் போன்றவர்களை ஏற்றிச் செல்ல ஒரு தண்டேல் சம்மதித்தார். படகை ஓட்டும் தலைவரைத் தண்டேல் என்று அழைக்கிறார்கள். ஆதார் நகல்களை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டார். 2008 நவம்பர் தாக்குதலுக்குப் பிறகு இந்தக் கடலில் யார் போகிறார்கள், வருகிறார்கள் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு.

“காலை 6 மணிக்கு நீர் நிறைந்திருக்கும், அப்போதே கிளம்ப வேண்டும்” என்றார். எப்படிக் கணக்கிட்டார் என்று சித்தப்பா மராத்தியில் கேட்டார். திதியின் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டுமாம். அஷ்டமி 8, அதில் முக்கால் பங்கு 6. காலையிலும் மாலையிலும் 6 மணி அளவில் நீர் நிறையும், நண்பகலில் அடிமட்டத்துக்கு வற்றும். கொங்கண் கரையில் தலைமுறை தலைமுறையாக வரும் வாய்ப்பாடு இது. கைப்பேசியில் இருந்த ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வித்தியாசம் சில நிமிடங்கள்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத அறிவு இது.

தை மாதக் குளிரில், இருட்டிலேயே படகு ஏறினோம். கண்ணாடியிழைப் படகு, பின்னால் சிறிய இயந்திரம், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. நீர் வற்றத் தொடங்கியிருந்ததால் கழிமுகமே எங்களை வெளியே அனுப்பிவைத்தது. வலதுபுறம் போர்த்துகீசியர் கட்டிய மட் கோட்டை கறுத்துத் தெரிந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் அந்தேரியின் அடுக்குமாடி விளக்குகள்.

கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகும் நீர் சேறு கலந்த பழுப்புதான். இந்தக் கலங்கலில் மீனுக்குக் கண்ணைவிட மோப்பமே வழிகாட்டி என்பதால் செயற்கை இரை எதுவும் வேண்டாம் என்றார் தண்டேல். புதிய இறாலும் மத்தித் துண்டும்தான் இரை. அடியில் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கும் இடத்தைக் கரை அடையாளங்களை வைத்தே கண்டுபிடித்து நங்கூரம் போட்டார். கைத்தூண்டில்தான், நரம்பு (தூண்டில் இழை) விரலில் ஓட வேண்டும், கடி விரலில் தெரிய வேண்டும்.

முதலில் வந்தது கத்தாழை. கையில் எடுத்ததும் கொர், கொர் என்று சத்தமிட்டது. காற்றுப்பையை ஒட்டிய தசையை அதிரவைத்து எழுப்பும் ஒலி அது. உள்ளங்கையிலேயே அந்த அதிர்வை உணர முடிந்தது. அடுத்தடுத்து கெளுத்திகள். கெளுத்தி ஏறினால் தண்டேல் யாரையும் தொடவிடவில்லை. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள்; ஓரமெல்லாம் ரம்பப் பல்; குத்தினால் நஞ்சு ஏறிக் கடுக்கும். மீனைத் துணியால் அமுக்கிப் பிடித்து, குறட்டால் மூன்று முட்களையும் அடியோடு நறுக்கிக் கடலில் போட்ட பிறகே கூடையில் எறிந்தார். தலைகளை மட்டும் தனியாக வெட்டி வைக்கச் சொன்னார். காரணம் மாலையில்தான் புரிந்தது.

நண்பகலில் ஓட்டம் நின்றது. பார் மீன்கள் பொந்தை விட்டு வெளியே வரும் நேரம் இது என்றார். உண்மைதான். சித்தப்பாவின் நரம்பு திடீரென்று விறைத்தது. பாறைக்குள் புகுந்துவிட்டால் அறுந்துவிடும், முதல் இழுப்பிலேயே மேலே தூக்க வேண்டும். அவர் எழுந்து நின்று கை மாற்றி மாற்றி இழுத்தார். வந்தது நல்ல பருமனான களவா. என் மச்சானுக்கு ஒரு செப்பிலி. எனக்குக் கிடைத்த களவாக் குஞ்சைத் தண்டேல் வாங்கி, தூண்டில் முள்ளை நிதானமாகக் கழற்றி, கடலிலேயே விட்டுவிட்டார். மகாராஷ்டிர அரசு 2023இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்திருக்கிறது. அதே ஆண்டு மாநில மீனாக அறிவிக்கப்பட்ட வெள்ளை வாவலுக்கு 135 மில்லிமீட்டர். “சட்டம் இப்போது வந்தது, என் அப்பா அப்போதே விடச் சொன்னார்” என்றார் அவர். கண்ணிறுக்கமான வலைகளால் குஞ்சுகளை அள்ளும் பெரிய படகுகள் மீது அவருக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது. எங்கள் ஊரிலும் இதே கதைதான்.

பிற்பகலில் நீர் ஏறத் தொடங்கியதும் அதன் போக்கிலேயே கரைப் பக்கம் திரும்பினோம். மணல் தரைக்கு மேல் படகை மிதக்கவிட்டு இறால் கோத்துப் போட்டதில் ஒரு காலா மாட்டியது. ரவஸ் என்று மும்பைச் சந்தையில் மதிப்போடு விற்கும் மீன்.

நண்டுக்கு இடம் மட் பக்கத்து அலையாத்திக் காட்டின் ஓரம். இரும்பு வளையத்தில் வலை கட்டி, நடுவில் காலையில் வெட்டிவைத்த கெளுத்தித் தலைகள். நீர் ஏறும்போது களி நண்டு வளையை விட்டு இரை தேடி வரும். சிறிது நேரம் விட்டு, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். தயங்கினால் நண்டு இறங்கிவிடும். சில வளையங்களில் நண்டு, சிலவற்றில் பிளாஸ்டிக் பைகள். மாநகரத்தின் கழிவு இந்தக் கழிமுகத்தில்தான் வந்து கலக்கிறது. அதனாலேயே மேலே போகாமல் வாய்ப்பகுதியோடு நின்றுவிட்டார். அலையாத்தி இல்லையென்றால் நண்டும் இல்லை, இறால் குஞ்சும் இல்லை. அதன் வேரெல்லாம் குப்பை மாலையாகத் தொங்குவதைப் பார்க்க நெஞ்சு எரிந்தது.

நண்டு கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெறும் காலால் ஓட்டின் மேல் மெல்ல மிதித்து நிறுத்தினார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல்போல இருந்தால் கூடைக்கு. அமுங்கினால் சட்டை உரித்த நண்டு, உள்ளே தண்ணீர்தான், திரும்ப நீருக்கு. வைத்துக்கொள்ளும் நண்டின் ஒரு கொடுக்கை மடக்கிக் கயிற்றைச் சுற்றி, வாய்ப்புறம் குறுக்கே ஓட்டி, மறு கொடுக்கையும் மடக்கி முடிச்சிட்டார். அமாவாசை நெருங்க நெருங்க நண்டில் சதை பிடிக்கும் என்றார். எங்கள் ஊர்ப் பேச்சும் அதுதான். வளர்பிறை அஷ்டமியை விட்டுவிட்டுத் தேய்பிறை அஷ்டமியைத் தேர்ந்துகொடுத்தது அதற்காகத்தான்.

கரையில் தண்டேலின் மனைவி பங்கு பிரித்துக்கொடுத்தார். கெளுத்தியும் கத்தாழையும் பாதி அவர்களுக்கு. களவா, செப்பிலி, காலா, நண்டு எங்களுக்கு. அன்று இரவு தாராவியில் சித்தி நண்டை இடித்து ரசம் வைத்தார், களவாவுக்குப் புளி கரைத்துக் குழம்பு. அஷ்டமி பற்றி அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. கோலிகள் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் படைத்த பிறகே மனநிறைவோடு தொழிலைத் தொடங்குகிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் அமைதியாக இருக்கும். தொப்பி, குடிநீர், வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரை அவசியம். படகில் கிடைக்கும் வேலையைத் தண்டேல் சொல்கிறபடி செய்யுங்கள். தேய்பிறை அஷ்டமிக்கு ஒரு வாரம் முன்பே கோலிகளின் குடியிருப்பான கோலிவாடாவுக்கு நேரில் போய்ப் பேசிவைத்துவிடுங்கள். அந்த இரண்டு மூன்று நாள்கள்தான் படகு ஓய்வாக இருக்கும்.