லேப் அண்ணனின் எட்டு இசைக்கவைகள்

லேப் அண்ணன் தவறிய செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அப்புறம் நம் பள்ளியின் இந்த மலருக்கு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

நம்மில் பலருக்கு அவர் பிசிக்ஸ் லேபில் சாமான் எடுத்துக் கொடுத்தவர். சேப்பலுக்கு வந்தவர்களுக்குப் பாடகர் குழுவின் பின்வரிசையில் பேஸ் என்கிற ஆண் அடிக்குரலில் பாடியவர். அவருக்கு இரண்டும் ஒரே வேலைதான் என்பதை ஒன்பதாம் வகுப்பு டிசம்பரில் தெரிந்துகொண்டேன்.

கேரல் ஒத்திகையில் என் குரல் உடைந்தது. "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சார் ஒருவர் சொல்லிவிட்டார். லேப் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னை அண்ணன்தான் உள்ளே கூப்பிட்டார். மரப்பெட்டியைத் திறந்தார். நொடிக்கு 256 அதிர்வு முதல் 512 வரை எட்டு இசைக்கவைகள். ஒவ்வொன்றாக ரப்பர் கட்டையில் தட்டி மேஜையில் ஊன்றினார். ஒரு முழு ஸ்தாயி!

"கவை நீளமானா சுரம் இறங்கும் தம்பி. உன் தொண்டைக்குள்ளயும் இப்ப நாண் நீளுது, அம்புட்டுதான். ஆறு மாசம் பொறுத்து என் பக்கத்துல வந்து நில்லு."

அப்படியே போய் நின்றேன்.

சனிக்கிழமைகளில் பசுமலையில் அவர் வீடு. திண்ணை முழுக்கச் சுரம் சரிசெய்ய ஊர் ஊராக வந்த ஆர்மோனியங்கள்; காசு வாங்கமாட்டார். ரீடின், அதாவது உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கின், நுனியில் அரம் வைத்தால் சுரம் ஏறும், அடியில் வைத்தால் இறங்கும். ஓர் இழுப்பு, உடனே காது. லேப் கவையின் 256-க்கும் ஆர்மோனியத்தில் அதே சுரம் நிற்கிற 261 சொச்சத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடைவெளியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். நான் அறிந்தவரையில் அதை அவ்வளவு நேசித்த மனிதர் வேறு இல்லை.

பாட்டு நோட்டுகள் இன்னொரு பித்து. ஜான் கர்வென் இங்கிலாந்தில் பரப்பிய டானிக் சோல்ஃபா என்ற சுரக்குறிப்பு முறைக்குக் கோடு வேண்டாம், எழுத்தும் புள்ளியும் போதும். அதனால் பாமாலை, கீர்த்தனை எல்லாவற்றுக்கும் நான்கு குரலையும் ஸ்டென்சிலில் வெட்டி உருட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். மை காயாத அந்தத் தாள்களின் வாசனை உங்களுக்கும் நினைவிருக்கும்.

1991-இல் நான் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க பைப் ஆர்கன் இருக்குமாம்ல. பெடல்ல வர்ற அடிச்சுரத்தை மட்டும் டேப்புல பிடிச்சு அனுப்புப்பா."

பிடித்தேன். தபாலில் உடைந்துவிடுமே, அடுத்த லீவில் நானே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று வைத்திருந்தேன். அடுத்த லீவு, அதற்கடுத்த லீவு. வீடு, பிள்ளைகள், மதுரையில் நான்கு நாள், அதிலும் பசுமலைக்கு நேரமில்லை. கேசட் இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.

அவருடைய நோட்டுகள் கரையான் அரித்துப் போய்விட்டதாக வீட்டில் சொன்னார்கள். உங்கள் யாரிடமாவது அவர் உருட்டிய தாள் ஒன்றாவது இருந்தால் தயவுசெய்து படமெடுத்து அனுப்புங்கள். பேஸ் வரி மட்டும் தெரிந்தாலும் போதும்.