பாதிச் சாமி

ஜூலை 14, திங்கள்

அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "நவம்பருக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கு?" நவம்பரில்தான் தம்பிக்குக் குருப்பட்டம், முழுச் சாமியாராவது.

ஜூலை 15, செவ்வாய்

கஞ்சியில் உப்பில்லை என்று அம்மாவோடு சண்டை. சண்டை போடத் தெம்பு வந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

தம்பி அங்கியைக்கூட மாற்றாமல் நேரே வார்டுக்கு வந்துவிட்டான். கோட்டயத்துக்கார நர்ஸ் எழுந்து நின்று, "செம்மாசனா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. மே மாதம் தம்பி வாங்கியது தியாக்கோன் பட்டம், சாமியாராவதற்கு முந்தின படி. அவர்கள் ஊரில் தியாக்கோனுக்கு அதுதான் பெயராம். சிரியாக் மொழிச் சொல். அதற்கும் ஊழியம் செய்கிறவன் என்றுதான் பொருள். தம்பிக்குக் காதெல்லாம் சிவந்துபோனது.

அத்தை விடவில்லை. "பூசை வைக்க முடியாது. பாவசங்கீர்த்தனம் கேக்க முடியாது. அப்புறம் என்னத்துக்குப்பா பட்டம்?" அவனும் பொறுமையாகச் சொன்னான். ஞானஸ்நானம் கொடுக்கலாம், தாலி மந்திரிக்கலாம், பிரசங்கம் வைக்கலாம், அடக்கம் பண்ணலாம், நோயாளிக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுவரலாம். அத்தை மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "சரி, பாதிச் சாமி" என்றாள். வார்டே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. மே மாதத்திலிருந்து அவர் தம்பியை "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்கிறார். இருபத்தெட்டு வருஷம் "டேய்" சொன்ன வாய்.

ஜூலை 18, வெள்ளி

பட்டத்தன்று எடுத்த போட்டோக்களை அப்பா இன்றும் கேட்டார். போனைப் பிடித்துப் பிடித்து என் கை மரத்துவிட்டது. அவருக்கு வேண்டியது இரண்டே படம். ஒன்று, ஆயர் தலையில் கை வைப்பது. குருப்பட்டத்தில் வந்திருக்கிற சாமியார்கள் எல்லாரும் வரிசையாகக் கை வைப்பார்கள். தியாக்கோன் பட்டத்தில் ஆயர் கை மட்டும்தான். அவன் குருத்துவத்துக்காக இல்லை, ஆயரின் பணிவிடைக்காக ஏற்படுத்தப்படுகிறான் என்று பழைய சபை ஒழுங்கில் காரணம் சொல்லியிருக்கிறது. அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "ஒத்தக் கைதான். அதான் பாதி" என்கிறார். அத்தை சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொன்று, தோளில் போடுகிற அந்தத் துணிப்பட்டை. இடது தோளிலிருந்து குறுக்காக வந்து வலது இடுப்பில் முடிகிறது. பெரியகோயிலில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி, "இதென்ன பூணூல் மாதிரி" என்று சத்தமாகவே கேட்டாள். கேட்ட ஊர் மதுரை! 1606-ல் இங்கே வந்து காவி கட்டிய இத்தாலியச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி, மதம் மாறியவர்கள் பூணூல் போடலாமா என்ற வழக்கில் ரோம் வரைக்கும் இழுபட்டார். 1623-ல் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் அனுமதி கொடுத்த பிறகுதான் அடங்கியது. அந்தப் பாட்டிக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. கண்ணில் பட்டது, கேட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

என் சின்னவளுக்கு விசா வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அரைநாள் லீவு. அப்பா தூங்கினார். நான் அந்த ஒரு சொல்லையே நோண்டிக்கொண்டிருந்தேன். கிரேக்கத்தில் தியாக்கொனோஸ். வேலையாள், பந்தியில் பரிமாறுகிறவன். பைபிளில் அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று தகராறு வந்து, ஸ்தேவான், பிலிப்பு என்று ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஏழு பேருக்கும் அந்த இடத்தில் தியாக்கோன் என்ற பட்டமே கொடுக்கவில்லை, வேலையைத்தான் சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது பந்தியை விசாரிக்கிற வேலை. மொழிபெயர்த்தவர் எங்கேயோ ஒரு கல்யாண வீட்டில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அப்பாவும் அப்படித்தான். கோயில் விருந்து, அசனம் என்றால் ரசவாளி அவர் கையில்தான். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சொல்லுக்குப் 'புழுதி வழியாக' என்றும் ஒரு பழைய விளக்கம் உண்டு. அவசரமாக ஓடுகிறவன் கிளப்புகிற புழுதி. மொழி ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஏற்பதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படிச் சொற்பொருள் எழுதினால் நானே சுழித்துவிடுவேன். இன்றைக்குச் சுழிக்க மனசு வரவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் உபதேசியாராக, சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுக்கிறவராக இருந்த நாற்பது வருஷமும் அப்பா வீட்டுக்கு வந்த கோலம் அதுதான். முழங்கால் வரைக்கும் செம்மண். ராத்திரி யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் கண்மாய்க்கரை வழியாகப் பதினோரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய், சாமியாரை எழுப்பிக் கூட்டிவருவார், அவஸ்தை பூச, அதாவது சாகிறவருக்கு மந்திரித்த எண்ணெய் பூச. ஒரு தடவை பாதி வழியில் பஞ்சர். தள்ளிக்கொண்டே போய்க் கூட்டிவந்தபோது ஆள் போய்விட்டார். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் காதில் உத்தம மனஸ்தாப மந்திரம், பாவத்துக்கு வருந்துகிற செபம், சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று இன்றைக்கும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

ஜூலை 25, வெள்ளி

பக்கத்துக் கட்டில் ஐயா சிம்மக்கல்காரர். நெற்றியில் எப்போதும் விபூதி. தம்பியைக் காட்டி யார் என்று கேட்டார். தியாக்கோன் என்றால் விளங்காதே என்று, "திருத்தொண்டர்" என்றேன். இப்போது கோயிலில் அப்படித்தான் சொல்கிறோம். ஐயா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அது எங்க ஆளும்மா!"

உண்மைதானே. பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். அதற்கு முன்னாலேயே சுந்தரர் பாடியது திருத்தொண்டத்தொகை. வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறேன், நம் வீட்டுக்குள் நடந்து வந்த சொல் அங்கேயிருந்துதான் வந்தது என்று இத்தனை நாள் உறைக்கவில்லை.

ஐயா மூர்த்தி நாயனார் கதையை ஆரம்பித்தார். மதுரை வணிகர். சொக்கநாதருக்குச் சந்தனக் காப்பு அவர் திருத்தொண்டு. ராஜா சந்தனம் கிடைக்காமல் செய்துவிட, கட்டைக்குப் பதிலாகத் தன் முழங்கையைக் கல்லில் வைத்துத் தேய்த்தாராம், எலும்பு தெரிகிற வரைக்கும். அப்பா வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எங்க லவுரேந்தியாரும் இப்படித்தான்யா" என்று அவர் ஒரு கதையை எடுத்தார். ரோமில் தியாக்கோன், 258-ல் கொன்றார்கள். கோயில் சொத்தை ஒப்படை என்றபோது ஊர் ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தி, இதுதான் சொத்து என்றாராம். இரும்புக் கட்டிலில் போட்டு வாட்டினபோது, இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடு என்றாராம். ஐயா தொடையைத் தட்டிச் சிரித்தார். இருவருக்கும் பிபி ஏறி, நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள்.

ஜூலை 28, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் சிஎஸ்ஐ டீச்சரிடம் பேசினேன். அவர்களுக்கும் டீக்கன் (நம் தியாக்கோன்தான்) என்றால் குருவாவதற்கு முந்தின படிதான். அவர் அண்ணி போகிற பெந்தெகொஸ்தே சபையிலோ டீக்கன் என்பவர் பாங்கில் வேலை பார்க்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எண்ணுகிறார். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்களின் கான்கிரிகேஷனல் வழக்கமும் ஏறக்குறைய அதுதான், சபையார் தேர்ந்தெடுக்கிற சாதாரண ஆள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை, இந்த சிஎஸ்ஐ, ஒன்றானபோது பிஷப், குரு, டீக்கன் என்று மூன்று படியும் வந்தது.

அந்த டீச்சரின் பைபிளை வாங்கிப் பார்த்தேன். பிலிப்பியரில் அதே கிரேக்கச் சொல் 'உதவிக்காரர்'. ரோமர் பதினாறில் பவுல் பெபேயாள் என்ற பெண்ணுக்கு அதே சொல்லைப் போடுகிறார், தமிழில் அவள் 'ஊழியக்காரி'. ஆண் என்றால் ஒரு சொல், பெண் என்றால் இன்னொன்று. கோயிலைக் கூட்டி, விளக்குப் பொருத்தி, சாமியாருக்குச் சோறு பொங்கி அனுப்பிய அம்மாவுக்கு எந்தச் சொல்? கேட்டேன். "எனக்கு எதுக்குடி" என்று வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 30, புதன். ராத்திரி இரண்டு மணி

தூக்கமில்லை. சின்னவளின் அட்மிஷன் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கின் பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியா. ஆல்ஃபிரட் டீக்கின் பெயரில் வைத்தது. அந்த நாட்டின் இரண்டாவது பிரதமர், நம் ஊர் நீர்ப்பாசனத்தைப் பார்க்க வந்து அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். டீக்கின் என்பதே டீக்கன்தான். எந்தக் காலத்திலோ எந்தக் கோயிலிலோ பணிவிடை செய்த ஒருவரின் பட்டம் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக இறங்கியிருக்கிறது. ருமேனியாவில் டியாகோனு, டியாகோனெஸ்கு. பழைய ரஷ்யாவில் தியாக் என்றால் அரசாங்க எழுத்தர். குயீன் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜான் டீக்கன். இவருக்கு அவர்களைப் பிடிக்கும், எனக்குத் தலைவலி.

ஸ்காட்லாந்தில் தொழில் சங்கத் தலைவரையும் டீக்கன் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். எடின்பரோவில் தச்சர்களின் டீக்கன் வில்லியம் பிராடி, பகலில் நகரசபை உறுப்பினர், ராத்திரியில் வாடிக்கையாளர் வீட்டுச் சாவிக்கு மெழுகில் அச்செடுத்து வைத்துத் திருட்டு. 1788-ல் தூக்கு. இதை அத்தையிடம் சொல்லக் கூடாது.

நம் வீட்டில் மட்டும் பெயர் எப்படி இறங்கும்? தம்பிக்குப் பிள்ளை கிடையாது. அப்பாவுக்குப் பட்டம் கிடையாது. இன்றைக்கும் ஊரில் என்னை 'உபதேசியார் மக' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் போனபோது பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிரியாட்டினின் ஏறிவிட்டது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

பங்குச் சாமியார் எண்ணெய்ச் செப்போடு இரண்டாவது தடவையாக வந்தார். ஐசியூவிலும் அப்பா தலையை ஆட்டி மறுத்தார், இன்றும் அதே. "நவம்பர்ல என் மகன் பூசட்டும்." இப்போதெல்லாம் அதற்கு நோயில் பூசுதல் என்றுதான் பெயர், சாகிறவர்களுக்கு மட்டும் இல்லை, பூசிக்கொண்டு எழுந்து நடக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று சாமியார் அழகாகச் சொன்னார். அப்பாவுக்கு அது அவஸ்தைதான். எத்தனை வீட்டுக்குக் கூட்டிப்போனவர், அவரிடம் போய்ச் சொன்னால்?

பட்டத்தை முன்னால் வைக்க முடியாதா என்று தம்பியிடம் கத்தினேன். தியாக்கோனுக்கும் குருவுக்கும் நடுவில் குறைந்தது ஆறு மாதம் போக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். தெரிந்துதான் கத்தினேன். அவன் பதில் பேசாமல் என் டிபன் கேரியரைக் கழுவிவைத்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விசா வந்துவிட்டது. யாரும் சந்தோஷப்படவில்லை. அவள் பாத்ரூமில் அழுதாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சாயந்திரம் தம்பி நற்கருணை கொண்டுவந்தான். வாங்கிய பிறகு அப்பா அவன் கையை விடவில்லை. "டேய்" என்றார். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. "டேய், நீயே பூசிவிடுடா."

"எனக்கு அதிகாரம் இல்லைப்பா."

"எண்ணெய்தானே?"

"எண்ணெய்தான்ப்பா. நான் பூசினா அது வெறும் எண்ணெய்."

பூசிவிட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்? நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். வெறும் தேங்காயெண்ணெயைத் தொட்டு நெற்றியில் வைத்திருந்தால் அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வெளியே வந்து இதை அவனிடமே சொன்னேன். "அப்பா கண்டுபிடிச்சிருவாருக்கா" என்றான். அப்புறம், "அவரு ஒரு நாளும் பொய்யா பூசினதில்லை. பஞ்சரான அன்னைக்குக்கூட" என்றான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லவுரேந்தியார் திருநாள். ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் இந்த வருஷம் அடிபட்டுவிட்டது, பூசையில் பெயர்கூட வரவில்லை. அப்பா நினைவு வைத்திருந்தார். சிம்மக்கல் ஐயாவிடம் சொல்லச் சொன்னார். சரி என்றேன்.

சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற நன்மைக்கு லத்தீனில் வியாட்டிகும் என்று பெயர், வழிப்பயணத்துக்கு வேண்டிய சாப்பாடு என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா கண்ணைத் திறக்காமலே, "கட்டுச்சோறு" என்றார். அதைக் கொடுக்கத் தியாக்கோனுக்கு அதிகாரம் உண்டு. ராத்திரி எட்டு மணிக்குக் கொடுத்தான். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு விழுங்கவைத்தோம். உப்பில்லை என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள். விடிகாலை 1.50

மூச்சு மாறியிருக்கிறது. பன்னிரண்டரைக்கு அவராகவே, "சாமியாரக் கூப்பிடு" என்றார். தம்பி ஆறு தடவை போன் பண்ணினான். எடுக்கவில்லை, தூக்கமாக இருக்கும். இவருடைய வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். வெளியே மழை. போவதற்கு முன்னால் அப்பா காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னான். மனஸ்தாப மந்திரம் என்று அம்மா சொல்கிறாள், எனக்குக் கேட்கவில்லை.

அப்பா இப்போது கண் விழித்தார். "யாரு போயிருக்கா?"

"தம்பி."

"சைக்கிள்ல காத்து இருக்கா?"

இருக்குப்பா என்றேன்.