ஜப்பானிய மொழியில் வயது கேட்பது: என்5 தேர்வுக்குப் படிப்போருக்கு

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் தொடக்க நிலை என்5. அதன் கேட்டல் பகுதியில், படத்தில் அம்புக்குறி இடப்பட்டவர் என்ன சொல்வார் என்று கேட்டு மூன்று விடைகளை ஒலிக்கவிடும் வினாக்கள் உண்டு. அங்கே ஒலி தொடங்கும் முன்பே, எதிரில் நிற்பவர் குழந்தையா, பெரியவரா, புதியவரா என்று பார்த்துவிடுவது நல்லது; வயது கேட்கும் வாக்கியத்தை முடிவு செய்வது அந்த உறவுதான்.

குழந்தையிடம் "நன்சாய் தெஸ் கா" போதும். பெரியவரிடம் "ஓஇகுட்சு தெஸ் கா" என்றே கேட்க வேண்டும். முன்னால் நிற்கும் "ஓ" மரியாதையைக் காட்டுவது. அறிமுகமில்லாதவரிடம் அதுவும் போதாது. தவறாக எண்ண வேண்டாம் என்ற பொருளில் "ஷிட்சுரே தெஸ் க" என்று தொடங்கிச் சற்று நிறுத்தி, பிறகு கேட்பதே முறை. இதைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்தத் தொடரின் இறுதியில் வரும் "க", "தங்கம்" என்பதில் ஒலிப்பதைப் போல மென்மையானது, அதைப் "பக்கம்" என்பதில் வருவதைப் போல அழுத்திச் சொன்னால், பணிவான முன்னுரை "இது மரியாதைக் குறைவா?" என்ற கேள்வியாகிவிடும். ஆகவே காதால் கேட்டு, வாய்விட்டுச் சொல்லியே பழகுங்கள்.

பதில் சொல்லும்போது அந்த "ஓ" நமக்கு வரக்கூடாது. "நிஜூகோ தெஸ்" என்றாலே இருபத்தைந்து வயது என்று புரியும். வயதைக் குறிக்கும் "சாய்" சேரும்போது ஒன்று, எட்டு, பத்து ஆகியவை "இஸ்சாய்", "ஹஸ்சாய்", "ஜுஸ்சாய்" என்று இரட்டிக்கும். இருபதுக்கு மட்டும் "ஹதாச்சி" என்ற தனிச்சொல் உண்டு. கேட்டல் பகுதியில் எண்ணை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

தேர்வுக்கு வெளியே, வாக்கியம் எவ்வளவு பணிவாக இருந்தாலும், பெரியவர்களிடம் தேவையின்றி வயதைக் கேட்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. ஆயினும் மூத்தவர், இளையவர் என்பதைப் பொறுத்துப் பேச்சு நடை மாறும் மொழி என்பதால், தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் எழும். அப்போது "நானிதோஷி தெஸ் கா" என்று பிறந்த ஆண்டுக்குரிய விலங்கைக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. விலங்குகள் 12 என்பதால், 1988இல் பிறந்தவரும் 2000இல் பிறந்தவரும் ஒரே விடையான டிராகனைத்தான் சொல்வார்கள். இருவரில் யார் என்பதை முகமே காட்டிவிடும்.