டியூ எச்சரிக்கை வருவதற்கு முன்

"பையைத் திறந்து ஆன் பண்ணலாம் அண்ணா. டியூ காட்டுச்சுன்னா நிறுத்திடலாமே" என்றார் இயக்குநர். கேமராவுக்குள் ஈரம் படிந்தால் அது காட்டும் எச்சரிக்கைதான் டியூ.

"வேண்டாம் தம்பி, ஒரு மணி நேரம் போகட்டும்" என்றேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், ஒரு வீடு. விடியற்காலை வெளிப்புற ஷாட்டுகளை முடித்திருந்தோம். பானசோனிக் டிவிஎக்ஸ்100 என்ற டேப் கேமரா 8 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தது. உள்ளே விறகடுப்பு, கொதிக்கும் தண்ணீர். சுமார் 18 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்று 14 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் நீராகப் படிந்துவிடும். அதனால்தான் வாசலிலேயே கேசட்டை எடுத்து, கேமராவைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயைக் கட்டி உள்ளே கொண்டுவருவது. ஈரம் பையின் வெளிப்பக்கம் படிந்துகொள்ளும். கேமரா அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஹேர் ட்ரையர் பிடிப்பது வீண். மேலோடு சூடாகும், உள்ளே டேப் சுற்றி ஓடும் டிரம் குளிர்ந்தே கிடக்கும்.

லென்ஸில் ஈரம் படிந்தால் துடைத்துவிடலாம். டிரம் அப்படியல்ல. 21.7 மி.மீ. விட்டமுள்ள உருளை, நிமிடத்துக்கு 9,000 சுற்று. ஈரத்தில் டேப் அதில் ஒட்டினால் கசங்கிச் சுருண்டுவிடும், படத்தைப் பதியும் ஹெட்டும் போகலாம். டியூ சென்சார் காப்பாற்றும் என்பது பாதி உண்மைதான்: உள்ளே ஈரம் படிந்த பிறகுதான் அது எச்சரிக்கும். புது டேப் போடக் கேமராவின் கேசட் கதவைத் திறக்கிறோமே, அறைக் காற்று நேராக டிரம்முக்குப் போகும் வழியே அதுதான்.

கணக்கு சரிதான். இருந்தது ஒரே கேமரா. மலையில் சர்வீஸ் கிடையாது. வெளிநாட்டு விழா நிதியை நம்பி எடுக்கும் படம். திரையிட 35 எம்எம் பிரிண்ட் வேண்டும் என்பதால் நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்து, ஃபிலிம் ஓடும் 24-க்கு மாற்றும் திட்டம். 90 நிமிடப் படம் 93 முக்கால் நிமிடமாகும், குரல் சற்றுக் கனக்கும் என்பதுவரை முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தோம். அவ்வளவு எண்ணிச் செய்த வேலையை ஒரு ஷாட்டுக்காகப் பணயம் வைக்க முடியுமா?

ஆனால் அந்த ஒரு ஷாட், நடிப்பே தெரியாத ஒரு பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து பேரனைத் திட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாய்வாக விழுந்த வெளிச்சம் முகத்தில் பாதியில் நின்றது. பை திறந்தபோது வெளிச்சம் மேலேறிவிட்டது. பாட்டி கேமராவைப் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டார், அதே வார்த்தைகளைப் பாடம்போல் ஒப்பித்தார். இப்படிப்பட்ட கணத்துக்காகத்தானே ஃபிலிமை விட்டு, மலிவான டேப்பை எடுத்துக்கொண்டு சின்னக் குழுவாக மலையேறியது? ஊட்டியில் ஃபிலிம் தயாரித்த இந்து நகர் ஆலை இருந்த அதே மாவட்டத்தில், கனமான கருவிகளை உதறிவிட்டோம் என்று நம்பிய காலம் அது. டேப்புக்கும் தனி விதிகள் உண்டு; அவை ஃபிலிமைவிட இரக்கமானவை அல்ல.

டிரம் போனால் பணம் கொடுத்து மாற்றலாம் என்பது இயக்குநரின் வாதம். மாற்றும்வரை குழு சும்மா இருக்குமே, மீதிப் படம் எப்படி முடியும் என்பது என் பதில். இரண்டும் சரியென்றே இன்றும் படுகிறது.

இப்போது கார்டு கேமராக்களில் டிரம் இல்லை. குளிரிலிருந்து உள்ளே வந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான் மங்கும். பை கட்டச் சொன்னால் உதவியாளர்கள் கட்டுகிறார்கள். பையைக் கட்டியபின் ஜன்னல் பக்கம் ஏதாவது நடந்தால் அவிழ்க்கலாமா என்று கேட்கிறார்கள். ஒருநாள் அவிழ்க்கச் சொல்கிறேன், இன்னொரு நாள் பொறுக்கச் சொல்கிறேன்.