பழைய மாடல் 10 ரிவால்வருக்கு மீண்டும் கருநீலம் ஏற்றிய அனுபவம்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899-இல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் வெளியிட்டு, 1957 முதல் 'மாடல் 10' என்று எண்ணிட்ட .38 ஸ்பெஷல் ரிவால்வர், காவல் துறைகளின் இடுப்பில் பல தலைமுறைகளாக இருந்தது. அப்படிப் பணி முடித்து வந்த துப்பாக்கிகள் வெளியே உறையின் உராய்வில் வெளிறிப் போயிருந்தாலும், அதிகம் சுடப்படாததால் உள்ளே பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். நான் எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒன்றுதான். குழல் முனையிலும் சிலிண்டரின் விளிம்புகளிலும் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் கருநீலப் பூச்சு அறவே போய் வெள்ளிரும்பு தெரிந்தது. கைப்பிடியின் கீழே துரு படிந்திருந்தது. சேகரிப்பாளர்கள் தேடும் அரிய வகைக்குப் புதுப்பூச்சு ஏற்றினால் அதன் மதிப்பே குறைந்துவிடும் என்பதால், உரிமத்திலும் பதிவிலும் குழப்பமில்லாத, மலிவான, சாதாரணமான ஒன்றையே தேர்ந்தெடுத்தேன்.

பூச்சைப் பற்றி நினைக்கும் முன்பே, இது புதுப்பிக்கத் தகுந்ததா என்பதை உறுதி செய்ய வேண்டும். சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்துப் பூட்டிய பிறகே சோதனையைத் தொடங்கினேன். தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்கையில், அது முழுவதும் பின்னால் வந்து நிற்பதற்கு முன்பே சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். குழலின் பின்முனைக்கும் சிலிண்டருக்கும் இடையே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜின் 0.006 அங்குலத் தகடு நுழைந்தது, 0.007 நுழையவில்லை. சிலிண்டரின் பூட்டு, இந்த இடைவெளி இரண்டும் சரியாக இருந்ததால்தான் மேற்கொண்டு கை வைத்தேன். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அது வீட்டு மேசையில் தீர்க்கும் வேலையன்று. உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம் போக வேண்டியது.

பிரிப்பதில் பலர் கெடுப்பது உள்ளுறுப்புகளை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத்தான். அதன் விளிம்பில் திருப்புளியைச் செருகி நெம்பினால் இணைப்புக் கோட்டில் என்றும் ஆறாத வடு விழுந்துவிடும். திருகுகளைக் கழற்றிய பின் கைப்பிடிச் சட்டத்தை ஒரு மரப்பிடியால் தட்டிக்கொண்டே இருந்தால், அந்த அதிர்வில் தகடு தானாக எழும்பி வரும். திருகுகளின் பிளவுக்கு ஏற்ப இணையான பக்கங்களுடன் தீட்டப்பட்ட திருப்புளி மட்டுமே பயன்பட வேண்டும். சிலிண்டரைத் தாங்கும் யோக்கைப் பிடித்திருக்கும் முன்பக்கத் திருகு அந்த இடத்திற்கென்றே பொருத்தப்பட்டது என்பதால், ஒவ்வொரு திருகையும் அதன் இடத்தை வரைந்த அட்டையில் செருகி வைத்தேன். சுட்ட கூடுகளை வெளித்தள்ளும் தண்டைக் கழற்றும்போது, 1960-களின் தொடக்கத்திலிருந்து வந்தவற்றில் அதன் மரை இடப்பக்கத்தது, அதாவது வழக்கத்திற்கு எதிர்த்திசையில் திருகிக் கழற்ற வேண்டியது என்பது நினைவிருக்க வேண்டும். வெற்றுத் தோட்டாக் கூடுகளை அறைகளில் இட்டுப் பிடித்துத் திருகினால் வெளித்தள்ளும் நட்சத்திரத் தகடு முறுகாமல் இருக்கும்.

உள்ளே இறுகிக் கிடந்த பழைய எண்ணெயைக் கரைத்து எடுத்து, புதிதாகத் துளித்துளியாக எண்ணெய் இட்டதோடு நிறுத்திக்கொண்டேன். ஹேமரும், சுட விரலால் இழுக்கும் விசையும் ஒன்றையொன்று கவ்வும் முனைகள் மேற்பரப்பில் மட்டுமே கடினமாக்கப்பட்டவை. அவற்றைத் தேய்த்தால் விசை மென்மையாவதுபோல் தோன்றி, பிறகு ஹேமர் தானே நழுவி விழும் நிலை வரலாம். ஹேமரின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வலுக் குறைந்த ஒன்றைப் போடுவதும், அதை அழுத்திப் பிடிக்கும் திருகைத் தளர்த்திவிடுவதும் பலரும் செய்யும் காரியங்கள்தாம். ஆனால் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் தோட்டாவின் பிரைமரை உறுதியாக அடிக்க வேண்டிய வேகத்தை ஹேமருக்குக் கொடுப்பது அந்த ஸ்பிரிங்கே என்பதால், அதில் எனக்கு உடன்பாடில்லை.

பூச்சுக்கு முன் மேற்பரப்பைச் சீர்செய்வதுதான் மொத்த வேலையில் நீளமானது. மேலோட்டமான துருவை எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புக் கம்பளியால் எடுத்தேன். மிச்சமிருந்த பழைய பூச்சு வினிகரில் கரைந்து போயிற்று. பிறகு 320, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாள்களை, ஒவ்வொரு முறையும் தட்டையான கடினக் கட்டையில் சுற்றி, ஒரே திசையில் தேய்த்தேன். மோட்டாரில் சுழலும் மெருகுச் சக்கரம் விரைவானது என்றாலும், அது விளிம்புகளை உருட்டி, திருகுத் துளைகளைப் பள்ளமாக்கி, எழுத்துகளை மழுக்கிவிடுகிறது. புதுப்பித்த துப்பாக்கியைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது அந்த மழுங்கல்தான். ஆழமான சில குழிகளை அப்படியே விட்டேன். அவற்றை முழுவதும் எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள இரும்பையும் தேய்த்துத் தள்ள வேண்டியிருக்கும். தொடர் எண்ணின் பக்கம் தாள் போகவே கூடாது. அது அழகைப் பற்றியது மட்டுமன்று, சட்டமும் அதுவே.

கடைகளில் கிடைக்கும் குளிர்ப்பூச்சுத் திரவங்கள் எளியவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செம்பும் செலீனியமும் கலந்த ஒரு மெல்லிய படலத்தை இரும்பின் மேல் படிய வைப்பவை. கையின் வியர்வைக்கும் உறையின் உராய்வுக்கும் அவை நிற்பதில்லை. ஆகவே பழைய துருமுறையைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணெய்ப் பசை சிறிதுமின்றிக் கழுவிய உறுப்புகளில் துருவேற்றும் திரவத்தை மெல்லியதாக ஒரே இழுப்பில் தடவி, ஈரக் காற்றுள்ள பெட்டியில் தொங்கவிட்டால், சில மணி நேரத்தில் சீரான செந்துரு பூக்கிறது. அதைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைக்கும்போது, சிவந்த இரும்பு ஆக்சைடு கண்ணெதிரே கறுத்து, மேக்னடைட் எனப்படும் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. மேலே வெல்வெட்டுப் போலப் படிந்த கறுப்புத் தூளைப் பசை நீக்கிய இரும்புக் கம்பளியால் மெல்லத் துடைத்தால், அடியில் இரும்போடு ஒட்டிய மெல்லிய சாம்பல் நிறம் மட்டும் எஞ்சும். மீண்டும் தடவி, துருவேற்றி, கொதிக்க வைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சாம்பல் அடர்ந்து கருநீலமாகிறது.

குழலின் இரு முனைகளையும் மரத் தக்கைகளால் அடைத்தேன். அவை உட்புறத்தைக் காத்ததோடு, உறுப்பைக் கை படாமல் தூக்கவும் பிடியாயின. ஒரு விரல் தடம் பட்டாலும் அந்த இடத்தில் நிறம் பிடிப்பதில்லை. நிறம் அடர்வதை நிறுத்தியதும், சமையல் சோடா கரைத்த நீரில் மீதமுள்ள அமிலத் தன்மையைப் போக்கி, சூடு ஆறுமுன் எண்ணெயில் ஊறவிட்டேன். கடினமாக்கும்போதே பல வண்ணம் கொண்ட ஹேமரையும் விசையையும் இந்தப் பூச்சுக்குள் கொண்டுவரவில்லை. கருநீலச் சட்டத்தின் நடுவே அந்தப் பழுப்பும் நீலமும் தெரிவது இந்த ரிவால்வருக்கே உரிய அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

தனிப்பட்ட விருப்பத்திற்கென்று செய்தவை இரண்டே. வால்நட் மரத்தில் புதிய கைப்பிடி செதுக்கி, விசைக் காப்பின் பின்னுள்ள வெற்றிடத்தை நிரப்புமாறு வடிவமைத்தேன்; அதனால் சுடும்போது நடுவிரலில் விழும் இடி குறையும். இடப்பக்க மரத்தின் மேல்மூலையைச் சரித்துச் சீவாவிட்டால், வெளித்தள்ளும் கூடுகள் அதில் தட்டி நிற்கும். மேற்பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய். அதைத் துடைத்த துணிகள் சுருட்டிக் கிடந்தால் தாமாகவே தீப்பற்றும் என்பதால், விரித்துக் காயவிட்டே அப்புறப்படுத்தினேன். இரண்டாவது, குறி பார்க்கக் குழலோடு ஒன்றாகவே அமைந்த முன்குறியில், வெள்ளை அடிப்பூச்சின் மேல் ஆரஞ்சு வண்ணம். மங்கிய ஒளியில் கண் உடனே அதைப் பிடிக்கிறது.

எல்லாவற்றையும் மீண்டும் பொருத்திய பின் இடைவெளியையும் சிலிண்டரின் பூட்டையும் முதலிலிருந்தே அளந்தேன், 0.006 அப்படியே இருந்தது. துப்பாக்கித் தச்சர் ஒருவர் உள்ளுறுப்புகளைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே சுடுதளத்திற்குக் கொண்டுபோனேன். கைப்பிடியில் கட்டக் கோடுகள் வெட்டும் வேலை மட்டும் பாக்கி. அதற்கான வெட்டுளியை முதலில் கழிவு மரத்தில் பழகி வருகிறேன்.